78 லட்சம் போக மீதி

கூடலூரில் ஹாக்கி மட்டை பிடிக்கும் தம்பிக்கு,

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்ததிலிருந்து, கம்பம் பள்ளத்தாக்குப் பையன்களுக்கும் ஹாக்கி இந்தியா லீக் எட்டிவிடும் தூரத்தில் தெரிகிறது. ஆசைப்படலாம், தப்பில்லை. அதற்குமுன் அந்த லீக்கின் கணக்கைப் பார்த்துவிடு.

2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய்தான் வரம்பு. அதற்குள் 24 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் 8 பேர் போக மீதி இந்தியர்கள். அவர்களில் 4 ஜூனியர்கள் கட்டாயம். சூர்மா அணி ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சத்துக்கு எடுத்தது. மிச்சம் 3 கோடியே 22 லட்சம், ஆள் இன்னும் 23 பேர். வகுத்தால் தலைக்கு 14 லட்சம். நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சமும் கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சமும் கொடுத்தது. மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டே பேருக்கு! 2 லட்சம் அடிப்படை விலையில் பெயர் கொடுக்கும் பையனை அணிகள் தேடுவது இதனால்தான். பரிவெல்லாம் இல்லை.

இந்தக் கணக்கைக் கலைத்துப் போடுவது காயம்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் 2005 முதல் சம்பள உச்சவரம்பு உண்டு. நீண்ட நாள் ஆட முடியாதவரைக் காயப் பட்டியலில் வைத்தால், அவர் சம்பள அளவுக்கு வரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம் என்று விதி இருந்தது. தாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சையால் 2020-21 லீக் சுற்று முழுவதும் ஆடவில்லை. ஆண்டுக்கு 95 லட்சம் டாலர் கணக்குள்ள ஆட்டக்காரர். வரம்பே இல்லாத பிளே-ஆஃபில் சரியாக வந்து இறங்கினார். 23 ஆட்டங்களில் 32 புள்ளி, கையில் கோப்பை. விதிமீறல் ஏதுமில்லை, ஆனாலும் மற்ற அணிகளின் ரசிகர்கள் கொதித்தார்கள். 2025-26 முதல் பிளே-ஆஃபுக்கும் வரம்பு வந்துவிட்டது. கொஞ்சம் தாமதம்தான்.

சேப்பாக்கத்துக் கிரிக்கெட் அணியில் வேறு கதை. ஐபிஎல் விதிப்படி, மாற்று வீரரின் சம்பளம் காயம்பட்டவரின் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 2025-இல் குர்ஜப்னீத் சிங் காயத்தால் விலக, அவருடைய அதே 2.2 கோடிக்கு டெவால்ட் பிரெவிஸ் வந்தார். அதேபோல் காயத்தால் விலகிய 18 கோடி ருதுராஜின் இடத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரேவுக்கு 30 லட்சம்.

ஒருவருக்கு விழுந்த அடியில்தான் இன்னொருவருக்கு இடம் கிடைக்கிறது. நீ எந்தப் பக்கமும் இருக்க நேரலாம். ஆகவே தடுப்பிலும் நடுக்களத்திலும் ஆடப் பழகு; பணம் குறைவான அணிக்கு அப்படிப்பட்டவன் ஒருவன் இரண்டு பேருக்குச் சமம். தொடைத் தசை இழுத்தால் இடம் போய்விடுமே என்று பயிற்சியாளரிடம் மறைக்காதே. ஒப்பந்தம் கைக்கு வந்தால், தொகையைப் பார்க்குமுன் காயம் பற்றிய பத்தியை விவரம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படி. ஆடாத நாளுக்குச் சம்பளம் உண்டா, சிகிச்சைச் செலவு யாருடையது, சீசன் முடிந்தபின் வலித்தால் யார் பொறுப்பு என்று கேள். பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடு.