ஒரே கார்டு, பல ஓவியங்கள்: எதை வாங்குவது?

'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தில் ஒரே கார்டு பல பதிப்புகளில், வெவ்வேறு ஓவியங்களோடு கிடைக்கிறது. விலை எட்டாத உயரம் போனாலும் வலிமை கூடுவதில்லை. 'லைட்னிங் போல்ட்' எந்த ஆண்டு அச்சானாலும் ஒரு சிவப்பு மானாவுக்கு 3 அடிதான். அதனால் 'கமாண்டர்' ஆட்டமுறைக்கு 100 கார்டு டெக் கட்டுகிறவர்கள் முதலில் ஒவ்வொன்றின் மலிவான பதிப்பையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். மிஞ்சுகிற பணம்தான் ஓவியத்துக்கு.

அந்தப் பணத்தை டெக்கின் தலைவனான கமாண்டர் கார்டில் போடலாம். ஆட்டம் முழுக்க எல்லார் கண்ணிலும் படுவது அதுதான். அடுத்தது மானா தரும் அடிப்படை லேண்டுகள். ஜான் அவான் வரைந்த 2004 'அன்ஹிங்டு' லேண்டுகளுக்கு விலை அதிகம். ஆனால் 2009 'ஸெண்டிகார்' முதல் முழு ஓவிய லேண்டுகள் பல தொகுப்புகளில் வந்துவிட்டன. தேடினால் மலிவாகவே அகப்படும். 'கவுண்டர்ஸ்பெல்' போல மேசையில் விழுந்ததும் குப்பைக் குவியலுக்குப் போகிற கார்டுக்கு அலங்காரம் எதற்கு?

பழைய ஓவியத்தின் மேல் ஆசை இருந்தால் வெள்ளை விளிம்பைப் பாருங்கள். 1993 ஆல்ஃபா பதிப்பின் 'லைட்னிங் போல்ட்' கார்டுக்குக் கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த அதே படம் வெள்ளை விளிம்பிட்ட 1994 'ரிவைஸ்டு' பதிப்பிலும் உண்டு, விலையில் சிறு பங்குக்கு. வெள்ளை விளிம்பு அசிங்கம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கட்டும், நமக்கு லாபம்.

இரட்டை நிற லேண்டுகளின் கதை வேறு. 'அண்டர்கிரவுண்ட் ஸீ' மறு அச்சே கிடையாது என்று வெளியீட்டு நிறுவனம் 1996இல் அறிவித்த பட்டியலில் இருக்கிறது. அதன் விலைக்குக் காரணம் அந்த வாக்குறுதி. அதே இரு நிறங்களைத் தரும் 'வாட்டரி கிரேவ்' உடனே பயன்பட வேண்டுமானால் 2 உயிர்ப் புள்ளி கேட்கும். 40 புள்ளியோடு தொடங்கும் கமாண்டரில் அது பெரிய நஷ்டமில்லை. தயங்காமல் இதையே வாங்குங்கள்.

ஃபாயில் கார்டு மின்னும், ஆனால் ஈரக்காற்றில் வளையும். வளைந்த கார்டு உறைக்குள்ளும் காட்டிக்கொடுக்கும்; போட்டியில் அடையாளமிட்ட கார்டு என்று நடுவர் தடுக்கலாம். தங்க விளிம்பு கார்டுகள் மலிவு, பழைய ஓவியங்களும் உண்டு. ஆனால் அதிகாரபூர்வப் போட்டிகளில் செல்லாது. வீட்டு ஆட்டத்துக்கு எடுப்பதானால் உடன் ஆடுகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.