துருவ இரவில் தமிழர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் வார்டோ, போட்ஸ்ஃபியோர்டு, ஹோனிங்ஸ்வோக் ஆகிய மீன்பிடி ஊர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். நம் வடமதுரைப் பேரூராட்சியின் மக்கள்தொகை இதைப்போலப் பல மடங்கு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஈழத்தமிழர் பலர் இந்த வட்டாரத்து மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அங்குள்ள குளிர்காலத்தைப் பற்றி இங்கே பேசப்படுபவற்றில் பல தவறானவை. சில, நம்பிப் போகிறவரின் உடம்புக்கே கேடானவை.

“இரண்டு மாதம் கும்மிருட்டு” என்பார்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை வார்டோவில் சூரியன் உதிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் டிசம்பர் நடுவிலும் நண்பகலில் அது தொடுவானத்துக்கு நான்கு டிகிரி அளவே கீழே நிற்கிறது. அதனால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் விடியற்காலை போன்ற நீல வெளிச்சம் கிடைக்கும். மேகமில்லாத நாளில் விளக்கில்லாமல் தெருவில் நடக்கலாம். மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரப் பகல் உள்ள வடமதுரையில் வளர்ந்தவருக்கு இது போதாதுதான். ஆனாலும் இருட்டு வேறு, இது வேறு. சூரியன் முழுவட்டமாகத் திரும்பத் தெரியும் நாளில் வார்டோ கோட்டையில் பீரங்கி முழங்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை.

“வடக்கே போகப்போகக் குளிர் கூடும்” என்ற எண்ணமும் ஃபின்மார்க்கில் பொய்த்துவிடுகிறது. அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் அந்தக் கடற்கரையைத் தொட்டுச் செல்வதால் துறைமுகங்கள் உறைவதில்லை. வார்டோவின் ஜனவரிச் சராசரி, உறைநிலைக்கு நான்கைந்து டிகிரி கீழே மட்டுமே. அதற்குத் தெற்கே, உள்நாட்டில் இருக்கும் காரசியோக்கில்தான் 1886இல் மைனஸ் 51.4 டிகிரி பதிவானது. நார்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை இன்றும் அதுவே. கடலோர ஊர்களை வாட்டுவது காற்று. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், தோல் மைனஸ் 15 டிகிரி போல உணரும். வெப்பமானியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே கிளம்புவது அங்கே பெருந்தவறு.

தடித்த கோட்டு ஒன்று போதும் என்பது புதிதாகப் போகிறவர்களை உடனே சிக்கலில் மாட்டிவிடும் நம்பிக்கை. உடம்பைக் காப்பது அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று. தோலையொட்டி மெல்லிய கம்பளி உடை, அதன்மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலுடை என்பதே அங்குள்ள முறை. வடமதுரை வட்டாரத்து நூற்பாலைகளில் நூற்கப்படும் பருத்தி நம் வெயிலுக்கு எவ்வளவு இதமோ, அங்கே உள்ளாடையாக அவ்வளவு கேடு. அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். வேலை முடிந்து உடல் ஓய்ந்ததும் அந்த ஈரம் சூட்டை இழுத்துவிடும். வீட்டுக்குள் இந்தக் கவலை வேண்டாம். மின்சாரத்தாலும் விறகாலும் சூடேற்றிய அறையில் மெல்லிய சட்டையே போதும்.

குளிர்காலத்தில் ஊர் உறங்கிவிடும் என்பதும் தவறு. பேரண்ட்ஸ் கடலின் காட் மீன் கூட்டம் முட்டையிடக் கரையை நோக்கி வருவதே ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். ஆலைகளில் வேலை குவியும் பருவம் அது. பனிப்புயலில் மலைச்சாலை மூடப்பட்டால், பனி தள்ளும் வண்டியின் பின்னே கார்கள் வரிசைகட்டிச் செல்ல நேரம் ஒதுக்கி அழைத்துப் போகிறார்கள். 1893இல் தொடங்கிய கடலோரக் கப்பல் சேவையும் குளிர்காலத்தில் நிற்பதில்லை.

உடல்நலம் பற்றிய நம்பிக்கைகள்தான் கூடுதல் கவனத்துக்கு உரியவை. வெப்பநாட்டில் வளர்ந்த உடம்பில் வெயிலின் சத்து சேர்ந்திருக்கும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. தோலில் உருவான வைட்டமின் டி சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். கருத்த தோலில் அது உருவாக அதிக வெயிலும் வேண்டும். நார்வேயில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, நார்வேயில் இருப்போருக்கு அந்த வைட்டமின் மிகக் குறைவு என்று காட்டியது. குளிர்மாதங்களில் நார்வேக்காரர்கள் காலையில் ஒரு கரண்டி மீன் ஈரல் எண்ணெய் குடிப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

தமிழர்களின் மூட்டுவலி, தலைவலி, உடல்சோர்வு எல்லாவற்றையும் குளிரின் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. ஃபின்மார்க்கின் ஒரு மீன்பிடி ஊரில் தமிழ் அகதிகளோடு தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் ஆன் சிக்ஃபிரிட் கிரோன்செத், 2010இல் வெளியிட்ட நூலில், அந்த வலிகளை உறவும் சடங்கும் சமூக மதிப்பும் அறுபட்ட வாழ்வோடு சேர்த்தே விளக்குகிறார். கம்பளியால் ஆற்ற முடியாத வலி அது.

பின்னாளில் பல குடும்பங்கள் ஆஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தன. “குளிர் தாங்காமல் போய்விட்டார்கள்” என்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. பல குளிர்காலங்களை வேலை செய்தே கடந்தவர்கள் அவர்கள். மீன் ஆலை வேலை நிலையற்றது. உறவினர், கோயில், பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி, மேற்படிப்பு எல்லாம் தெற்கே இருந்தன. அங்கேயே பிறந்த நார்வே இளைஞர்களும் இதே வழியில் தெற்கே போகிறார்கள். அவர்களை நிறுத்திவைக்கவே 1990 முதல் ஃபின்மார்க்வாசிகளுக்கு வருமான வரிச் சலுகையும், கல்விக்கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதித் தள்ளுபடியும் நார்வே அரசு வழங்கிவருகிறது.