வெட்டலாமா, வைக்கலாமா?

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ஆனந்த விகடன் இதழ்கள் கிடைத்தன. கார்ட்டூன்களை மட்டும் வெட்டி லேமினேட் செய்து வைக்கலாமா?
– வாசகர், வெள்ளிமலை

பதில்: முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள்! வெட்டினால் தேதி போய்விடும். தேதி போனால், கேலி யாரைக் குத்தியது என்பதும் போய்விடும். 1987 மார்ச்சில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டலடித்து விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. அதற்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. கண்டனம் கிளம்பவே சில நாளில் வெளியே வந்தார். அந்த இதழ் பெட்டியில் இருந்தால் உங்களுக்கு யோகம்தான். பிரான்ஸின் கார்ட்டூன் ஓவியர் தோமியேவும் மன்னரைக் கேலியாக வரைந்து 1832-இல் சிறைக்குப் போனவர். அவருடைய லித்தோ (கல்லச்சு) படங்களில், பத்திரிகைத் தாளில் வந்தவற்றைவிட, பின்பக்கம் எழுத்தில்லாத வெள்ளைத்தாள் பிரதிகளுக்குத்தான் மவுசு. நம் விகடன் ஓவியர்கள் மாலியும் கோபுலுவும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்திரிகைத் தாளில்தான். அது தானாகவே மஞ்சளித்து நொறுங்கும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. செலோடேப்பும் கூடாது. உங்கள் ஊர்ப் பனிக்குத் தகரப் பெட்டி உள்ளே வியர்க்கும். அமிலமில்லாத தாளில் சுற்றி, படுக்கைவாக்கில் அடுக்கி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், பூச்சிக்காக. சிரிப்பதற்காகவும்தான்.