இருதய வால்வுச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு

இளமையில் கண்ட மூட்டுவாதக் காய்ச்சல் பிற்காலத்தில் இருதய வால்வைப் பழுதாக்குவதுண்டு. பழுதான வால்வை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்தும் சிகிச்சை இன்று நம் நாட்டில் பரவலாக நடைபெறுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் உடனே ஏர் பிடிக்கலாமா? கூடாது. மேற்புண் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால், அறுத்து இணைத்த மார்பெலும்பு ஒன்றுசேர 2 முதல் 3 மாதங்கள் ஆகும். அதுவரை 5 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தூக்கலாகாது.

நடையே முதற்பயிற்சி. சமதரையில் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டி, அரைமணி நேரத்தை எட்டலாம். நடக்கையில் பேச இயலாதவாறு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பின்னர், டாக்டர் இசைந்தால், நீர் பாய்ச்சுதல் போன்ற இலேசான வேலைகளையும், படிப்படியாகக் கடின வேலைகளையும் மேற்கொள்ளலாம். நட்ட தென்னை மறுநாளே காய்ப்பதில்லை என்பதை நாம் அறிவோம்.

உலோக வால்வு பெற்றவர் இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். உடல் தேறியதென்று நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்து உயிருக்கே இடர் நேரலாம். கீரையை விலக்க வேண்டுவதில்லை. அளவு மாறாமல் உண்டால் போதும். அரிவாள் காயத்தில் இரத்தம் எளிதில் நில்லாது. எனவே எச்சரிக்கை தேவை. பல் பிடுங்குமுன் வால்வு பொருத்தியிருப்பதைக் கூறுதல் அவசியம்.

இத்தகைய உழவரின் முதற்பருவ உழவுக்கும் அறுவடைக்கும் ஊரார் கைகொடுக்கவும், இரத்தப் பரிசோதனைக்கு அவர் தவறாது சென்று வரவும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆவன செய்வார்களென நம்புகிறோம்.