அடுத்த லென்ஸ் வாங்கும் முன்

புது லென்ஸுக்குப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் தங்கள் பழைய படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றிலும் குவியத் தூரம், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாம் பதிவாகியிருக்கும். கடைசி இருநூறு படங்களைப் புரட்டுங்கள். 18-55 மி.மீ. ஜூமில் பெரும்பாலானவை 55-லேயே முட்டி நிற்கின்றன, பிறகும் ஓரங்களை வெட்ட வேண்டியிருக்கிறது என்றால் நீள லென்ஸ் தேவைதான். இருநூறு படமே தேறவில்லையென்றால் கேமராவோடு நாலு மாலை வெளியே நடந்துவிட்டு வந்து யோசிக்கலாம். காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்த ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் படங்களில் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸிலேயே எடுத்தவர்.

அப்படியானால் கருவி பொருட்டே இல்லையா என்று கேட்கலாம். பறவைக்கும் கிரிக்கெட்டுக்கும் நீள லென்ஸ் இல்லாமல் முடியாது. அதை மறுப்பது வறட்டு வாதம். ஆனால் மெகாபிக்ஸல் ஆசை வேறு. ஏ4 தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 9 மெகாபிக்ஸலே போதும்; 24 மெகாபிக்ஸல் பழைய கேமராவே தாராளம். கருவிமேல் உயிரையே வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: நம் கடலோர ஈரப்பதத்தில், பைக்குள்ளேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை படரும். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். மற்ற நேரத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அதன் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள்.