கப்பலின் இரண்டாவது டிக்கெட்

மயாமியிலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கரீபியன் கப்பல் பயணத்தின் விளம்பரக் கட்டணத்தைப் பார்த்தால், அதே ஊரில் சுமாரான ஓட்டலில் ஒரு வாரம் தங்குவதைவிட மலிவாகத் தோன்றும். கேபின், மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், ராத்திரி மேடை நிகழ்ச்சி, போதாக்குறைக்கு இரண்டு மூன்று நாடுகள். இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதற்கு விடை நிறுவனங்களின் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. கார்னிவல் குழுமத்தின் 2023 வருமானம் ஏறக்குறைய 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்று வந்தது 1,400 கோடி சொச்சம்தான். மிச்சம் 750 கோடி, குடிபானம், சூதாட்டக் கூடம், ஸ்பா, கரைச் சுற்றுலா, வைஃபை போன்றவற்றில் வந்தது. அந்த ஆண்டு அக்குழுமத்தின் கப்பல்களில் ஏறியவர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால், குழந்தை குட்டி எல்லாவற்றையும் சேர்த்தே, தலைக்கு 600 டாலர். ராயல் கரீபியன் குழுமத்திலும் அதே ஆண்டு வருமானத்தில் பத்துக்கு மூன்று பங்கு இப்படித்தான் வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் இது உதிரிச் செலவு அல்ல, இரண்டாவது டிக்கெட். முதல் டிக்கெட்டுக்கு நாலு இடத்தில் விலை விசாரிக்கிறவர்கள் இரண்டாவதைக் கப்பலில் ஏறிய பிறகு, வெயிலில் நாக்கு வறண்டு நிற்கும்போது வாங்குகிறார்கள். அதைக் கரையிலேயே, எந்தக் கப்பல் என்று முடிவு செய்வதற்கு முன்பே, கணக்குப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. அப்படிப் போட்டுப் பார்த்தால், நிறுவனங்கள் ஓயாமல் விற்கும் வரம்பற்ற பேக்கேஜுகள் பெரும்பாலோருக்கு லாபமில்லை என்று தெரியும்.

தவிர்க்க முடியாததை முதலில் தனியே எடுத்து வைக்கலாம். டிப்ஸ் என்பது பெயரளவில் விருப்பம், நடைமுறையில் கட்டணம். ராயல் கரீபியன் 2023 நவம்பர் முதல் சாதாரண கேபினில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 டாலர் கணக்கில் ஏற்றியது. மற்றப் பெரிய நிறுவனங்களும் 16-க்கும் 20-க்கும் நடுவில்தான் நின்றன. குழந்தைகளுக்கும் இது உண்டு. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏழு நாளைக்கு 504 டாலர். பயணிகள் சேவை மேசையில் சொல்லி இதைக் குறைக்கச் செய்யலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல நிறுவனங்களில் முடியும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணம் கேபினைத் துடைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் சேர வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதி. அதை வெட்டி மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. எனவே, இதை டிக்கெட் விலையோடு கூட்டிவிட்டுத்தான் ஒரு கப்பலை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் கட்டணம் மற்றதைவிட நூறு டாலர் குறைவாக இருப்பதற்கு இந்த டிப்ஸ் வெளியே நிற்பதே காரணமாக இருக்கலாம்.

மீதிச் செலவுக்கு மூன்று வழிகள். வாங்கும்போது வாங்கியதற்கு மட்டும் கொடுப்பது ஒன்று. முன்கூட்டியே நாள் கணக்கில் பேக்கேஜ் எடுப்பது இன்னொன்று. எல்லாம் அடங்கிய கட்டணமுள்ள பயணத்தையே தேர்ந்தெடுப்பது மூன்றாவது. இந்த மூன்றில் எது என்ற கேள்வி முக்கியமாகக் குடிபானத்தில்தான் தீர்மானமாகிறது, ஏனென்றால் பெரிய தொகை அங்கேதான். மது பேக்கேஜின் விலை கப்பலுக்குக் கப்பல், வாரத்துக்கு வாரம் மாறும். உதாரணத்துக்கு நாளொன்றுக்கு 75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 88.50. ஒரு காக்டெயில் 13.50 டாலர் என்றால், அதே 18 சதவீதத்தோடு ஏறக்குறைய 16. ஆக, பேக்கேஜ் போட்ட பணத்தை மீட்கவே தினம் ஐந்தரை காக்டெயில் குடிக்க வேண்டும். பீர் மட்டும் குடிப்பவருக்கு எண்ணிக்கை இன்னும் ஏறும். தினம் என்பதைக் கவனிக்க வேண்டும்: பேக்கேஜை இரண்டு நாளைக்கு மட்டும் வாங்க முடியாது, பயணம் முழுவதற்கும் எடுக்க வேண்டும். ஏழு இரவுப் பயணத்தில் மூன்று நாளாவது கப்பல் துறைமுகத்தில் நிற்கும். காலை எட்டு மணிக்கு இறங்கியவர் மாலையில்தான் திரும்புவார். கரையில் குடிக்கும் இளநீருக்கும் பீருக்கும் பேக்கேஜ் செல்லாது. ராயல் கரீபியனின் கோகோகே போன்ற சில சொந்தத் தீவுகளில் செல்லும், அவ்வளவுதான். எனவே பேக்கேஜ் விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது பயணத் திட்டம். கடலிலேயே கழியும் நாட்கள் அதிகமுள்ள, அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணம் போன்றவற்றில் பேக்கேஜுக்கு ஓரளவு நியாயம் உண்டு. நாளுக்கொரு துறைமுகம் தொடும் பயணத்தில் அது பெரும்பாலும் நஷ்டம்.

இதோடு கேபின் விதி வேறு. கார்னிவலில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் அதே கேபினிலுள்ள மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பது நிறுவனத்தின் நியாயம். ஆனால் கணவர் மட்டும் குடிக்கிற, மனைவி எலுமிச்சைச் சாறோடு நிறுத்திக்கொள்கிற நம் குடும்பங்களில் என்ன ஆகும்? மேலே போட்ட உதாரணக் கணக்குப்படி இருவருக்கும் ஏழு நாளைக்கு 1,239 டாலர். அதை ஒருவரே ஈடுகட்ட வேண்டுமானால் தினம் பதினோரு காக்டெயில். அந்த பேக்கேஜின் உச்சவரம்பே இருபத்து நாலு மணி நேரத்துக்குப் பதினைந்து என்பதை நினைத்துக்கொண்டால், பதினோரு காக்டெயில் என்பது விடுமுறையா விரதமா என்று கேட்கத் தோன்றும். ராயல் கரீபியனிலும் ஏறத்தாழ இதே விதிதான். மது வேண்டாதவர் மது இல்லாத பானங்களுக்கான மலிவான பேக்கேஜை எடுக்க அங்கே இடம் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். இதற்கு மாற்றாக, இரு நிறுவனங்களும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஏறும் நாளில் 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவர அனுமதிக்கின்றன. சாப்பாட்டோடு ஒரு கோப்பை மட்டும் குடிப்பவருக்கு ஒரு வாரத்துக்கு அதுவே கிட்டத்தட்டப் போதும்.

இவ்வளவு தெளிவாக நஷ்டம் தரும் ஒன்றை ஏன் இத்தனை பேர் வாங்குகிறார்கள்? மனிதர்கள் தங்கள் எதிர்கால ஊக்கத்தைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து வருகிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாதச் சந்தா கட்டியவர்கள் வந்துபோன தடவைகளை எண்ணிப் பார்த்தார்கள். தடவைக்குப் பத்து டாலர் கொடுத்து வந்திருக்கக்கூடியவர்கள், சந்தாவால் தடவைக்குப் பதினேழு டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அடிக்கடி போவோம் என்ற நம்பிக்கையில் கட்டிய பணம் அது. கப்பல் பேக்கேஜும் அதே சந்தாதான். உடற்பயிற்சிக்குப் பதில் உல்லாசம்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கணக்குப் பார்க்காமல் இருப்பதற்குத்தானே விடுமுறை, ஒவ்வொரு கோப்பைக்கும் மனசுக்குள் பில் ஓடினால் அது என்ன சுகம் என்பார்கள். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் 1998-ல் எழுதிய கட்டுரையில், சலவை இயந்திரத்துக்குத் தவணையில் பிறகு கட்ட விரும்புகிறவர்கள்கூட விடுமுறைக்கு மட்டும் முன்பணமாகக் கட்டிவிடவே விரும்புகிறார்கள் என்று காட்டினார்கள். கட்டி முடித்த இன்பம் கலப்படமற்றது. போதாததற்கு, உருப்படிக்கு உருப்படி கொடுக்கும் வழியிலும் ஆபத்து இருக்கிறது. கப்பலில் காசு புழங்காது. கேபின் அட்டையைத் தட்டினால் போதும். இதே பிரெலெக், டங்கன் சிமெஸ்டருடன் 2001-ல் வெளியிட்ட சோதனையில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் கேட்டவர்களில் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கேட்டார்கள். அட்டை கையைத் தாராளமாக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் இந்த மறுப்பை உற்றுப் பார்த்தால், நிம்மதி தருவது முன்பணமே தவிர ‘வரம்பற்ற’ என்ற சொல் இல்லை. முன்பணத்தை நாமே கட்டிக்கொள்ளலாம். ஒரு தம்பதி குடிபானத்துக்கு ஒரு வாரத்துக்கு 400 டாலர் என்று தீர்மானித்து, கப்பல் நிறுவனத்தின் கிஃப்ட் கார்டாகவோ கப்பல் கணக்கில் முன்வைப்பாகவோ கட்டிவிட்டால், அந்தத் தொகை தீரும்வரை பில்லைப் பற்றிய யோசனையே வேண்டாம். கார்னிவலில் கிரெடிட் கார்டே கொடுக்காமல் ரொக்கத்தைக் கணக்கில் போட்டுச் செலவழிக்கவும் வழியுண்டு. பணம் தீர்ந்ததும் அட்டை வேலை செய்யாது. கையைக் கட்டுப்படுத்த இதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை. பேக்கேஜ் தரும் மன அமைதி அப்படியே கிடைக்கும், குடிக்காத பானத்துக்குக் காசு போகாது.

மூன்றாவது வழியான அடக்கக் கட்டணத்தில் இரண்டு ரகம் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நார்வீஜியன் நிறுவனம் மது பேக்கேஜை ‘இலவசம்’ என்று டிக்கெட்டோடு தந்தது. ஆனால் பேக்கேஜின் மதிப்பை நாளொன்றுக்கு 109 டாலர் என்று போட்டு, அதில் 20 சதவீதத்தைச் சேவைக் கட்டணமாக வாங்கியது. ஒருவருக்குத் தினம் 21.80, தம்பதிக்கு ஏழு நாளைக்கு 305 டாலர். இது முதலில் சொன்ன டிப்ஸுக்கு மேல். நாளுக்கு இரண்டு காக்டெயில் குடிப்பவருக்கு இது நல்ல பேரம்தான், மறுக்கவில்லை. குடிக்காதவருக்கு இந்த இலவசம் 305 டாலர் தண்டம். வேண்டாம் என்று எழுதி வாங்கிவிட வேண்டும். உண்மையிலேயே எல்லாம் உள்ளடங்கிய சொகுசுக் கப்பல்கள் இன்னொரு ரகம். அங்கே கட்டணம் அதிகம், பில் குறைவு. குடிக்கிற இருவர், தனி உணவகங்களை விரும்புகிறவர்கள், இரண்டு கருவிகளில் வைஃபை வேண்டுகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மற்றவர்கள் அங்கே அடுத்த மேசைக்காரரின் ஷாம்பெயினுக்குப் பங்கு கொடுக்கிறார்கள்.

கரைச் சுற்றுலாவில் கணக்கு வேறு மாதிரி. இங்கே விலையைவிட நேரம்தான் பொருள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் தன் செலவில் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடும். தனியாகப் போனவருக்கு அந்த உறுதி இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலாவிலிருந்து தாமதமாகத் திரும்பிய எட்டுப் பேரை விட்டுவிட்டு நார்வீஜியன் டான் கப்பல் புறப்பட்டுப் போனது. அவர்கள் நாடு நாடாகத் துரத்திக்கொண்டு போக நேர்ந்தது. எனவே கேட்க வேண்டிய கேள்வி: கப்பலிலிருந்து எவ்வளவு தூரம்? மெக்சிகோவின் கோசுமெல் தீவில் கடற்கரைக்குப் போவதென்றால் டாக்சி போதும், கப்பல்காரர் விலை கொடுப்பது வீண். அதே கோசுமெலிலிருந்து சிச்சென் இட்சாவின் மாயன் பிரமிடைப் பார்க்கப் போவதென்றால் முக்கால் மணி நேரம் ஃபெர்ரி, அதற்கு மேல் இரண்டரை மணி நேரம் சாலை. அங்கே நிறுவனத்தின் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை காப்பீட்டுக் கட்டணம் போல, கொடுக்கலாம். இன்னொன்று: கோசுமெல் இருக்கும் கிண்டானா ரூ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. கோடையில் மயாமி அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்தால், கைபேசியை நம்பியவர் துறைமுகத்தில் நின்று கையசைக்க வேண்டியதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைஃபை பெரும்பாலும் ஒரு கருவிக்கு நாளுக்கு 20 டாலர் வாக்கில் வரும். ஆனால் ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழையலாம் என்பதால் குடும்பத்துக்கு ஒன்று போதும். போனை விமானப் பயண முறையில் போட மறந்தால் கப்பலின் செல் வலையமைப்பில் தானாகச் சேர்ந்து ரோமிங் பில் ஏறும். தனிக் கட்டண உணவகங்களில் ஸ்டேக், கடலுணவு வகைகளுக்குத்தான் மதிப்பு. சைவர்கள் 50 டாலருக்கு மேல் கொடுத்து அங்கே உட்காருவதில் பொருளில்லை. பிரதான உணவறையில் கேட்டால் இந்தியச் சைவ உணவு கட்டணமின்றிக் கிடைக்கும். ஸ்பாவிலும் 18 சதவீதம் சேரும். எதை வாங்குவதானாலும் ஏறுவதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்குவதே பெரும்பாலும் மலிவு. அப்படி வாங்கியதை, விலை இறங்கினால் ரத்து செய்து மறுபடி வாங்கவும் பல நிறுவனங்கள் விடுகின்றன.

சிங்கப்பூரிலிருந்து மூன்று நாலு இரவுகள் போகிறவர்களுக்கும், சென்னையிலிருந்து கோர்டேலியா கப்பலில் கடல் பார்க்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு இன்னும் எளிது. ஏறிய நாளின் பாதி பேக்கேஜில் வீணாகும். குறுகிய பயணத்தில் உருப்படிக்கு உருப்படி கொடுப்பதை வேறெந்த வழியும் வெல்வது கடினம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கடைசியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். கப்பல் பில் டாலரில். நம் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆயிரம் டாலர் பில்லுக்கு 41 டாலர் கூடுதல். டெபிட் கார்டைக் கொடுத்தால் செலவுக்கு முன்பே ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள், இறங்கிய பிறகும் அது கணக்குக்குத் திரும்பச் சில நாட்களாகும். கடைசி இரவில் பில்லை ஒருமுறை வரி வரியாகப் படித்து, வாங்காத புகைப்படமோ குடிக்காத கோப்பையோ இருந்தால் அப்போதே மேசைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். விடிந்த பிறகு அந்த வரிசையில் ஆயிரம் பேர் நிற்பார்கள்.