செருப்புத் தைத்த போதகர்

நுழையும்முன்

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து சாலைக் கடைத்தெருவரை நடந்தால், பொன்வேலை செய்வோர், துணி தைப்போர், செருப்புச் செப்பனிடுவோர் எனக் கைத்தொழிலால் வாழ்வோர் பலரைக் காணலாம். அவர்களுள் தமிழகத்திலிருந்து குடியேறிய குடும்பத்தினரும் உண்டு. அத்தகைய தொழிலொன்றில் வளர்ந்து, புகழ்பெற்ற பின்னரும் அதனை மறைக்காத ஒருவரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

வில்லியம் கேரி 1761ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயர் பகுதியில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தார். பதினான்காம் வயதில் செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்கச் சேர்ந்தார். வேலைக்கிடையே நூல்களைப் புரட்டி இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளையும் பயின்றார்.

1783ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றார். நம்பிக்கையைத் தாமே உணர்ந்து ஏற்றவருக்கே திருமுழுக்கு என்பது பாப்டிஸ்ட் சபையின் கொள்கை. பின்னர் மோல்டன் என்னும் சிற்றூரில் அச்சபையின் போதகரானார். அங்குக் கிடைத்த ஊதியம் குடும்பத்திற்குப் போதவில்லை. எனவே, ஞாயிறன்று மேடையில் நின்றவர் மற்ற நாள்களில் பள்ளி நடத்தினார், செருப்பும் தைத்தார்.

1793ஆம் ஆண்டு சமயப் பணிக்காகக் குடும்பத்துடன் வங்காளம் வந்தார். அவர் மனைவி டாரதி முதலில் வர உடன்படவில்லை, பின்னரே இசைந்தார். மறு ஆண்டு அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். டாரதியின் மனநலம் குன்றியது. அவர் மீளவே இல்லை. கேரியின் உறுதிக்கு அவர் குடும்பமும் விலை கொடுத்தது என்பதை மறத்தலாகாது.

1800ஆம் ஆண்டு செராம்பூரில் நண்பர்களுடன் அச்சகம் நிறுவினார். பஞ்சானன் கர்மகார் என்னும் கைவினைஞர் அங்கு அச்செழுத்துகளை உருவாக்கினார். செருப்புத் தைத்தவரின் மொழிப்புலமையும் கொல்லர் மரபில் வந்தவரின் கைத்திறனும் அங்கு இணைந்தன. 1812ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அச்சகம் தீப்பற்றியது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் அச்செழுத்துகள் உருகின; பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் படிகளும் எரிந்தன. கேரி மனம் தளரவில்லை. உருகிய ஈயம் மீண்டும் எழுத்தாக வார்க்கப்பட்டது. இழந்த படிகளை அவர் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

கணவன் இறந்தால் மனைவியை உடன் எரிக்கும் வழக்கத்தை 1829ஆம் ஆண்டு அரசு தடை செய்தது. அவ்வாணையை வங்காளியில் பெயர்க்கும் பணி கேரியிடம் வந்த நாள் ஞாயிறு. காலம் தாழ்த்தினால் உயிர்கள் போகும் என்று அஞ்சிய அவர், அன்று உரையாற்றும் பொறுப்பைப் பிறரிடம் விட்டு, மாலைக்குள் பணியை முடித்தார். அந்த ஞாயிற்றில் அவர் செய்த வழிபாடு அதுவே.

உயர் அலுவலர்கள் கூடிய விருந்தொன்றில், கேரி முன்பு செருப்புச் செய்தவர்தானே என்று ஒருவர் இகழ்ச்சியாக வினவினாராம். செய்தவர் அல்லர், பழைய செருப்பைச் செப்பனிட்டவர் மட்டுமே என்று கேரி அமைதியாகத் திருத்தினாராம். 1834ஆம் ஆண்டு செராம்பூரில் அவர் மறைந்தார்.

சொற்பொருள்

செப்பனிடுதல் – பழுது பார்த்தல்
இசைந்தார் – உடன்பட்டார்
குன்றியது – குறைந்தது

பயிற்சி

1. கேரி போதகரான பின்னும் செருப்புத் தைத்தது ஏன்?
2. அச்சகம் எரிந்தபின் நிகழ்ந்தவை யாவை?
3. விருந்தில் கேரி அளித்த விடை அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது?
4. உங்கள் குடும்பத்து மூத்தவர் ஒருவரின் தொழிலைக் கேட்டறிந்து, அத்தொழிலில் வழங்கும் ஐந்து தமிழ்ச் சொற்களை எழுதுக.